ராட்டினம் சுற்றும், அடுத்த ராட்டினம் வராது

2009 ஜூன் 13 ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் கோடைக் கூட்டம் களைகட்டத் தொடங்கும் நேரம். சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்தின் பூங்காக்கள் அன்றும் திறந்திருந்தன, ரோலர் கோஸ்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதே நாளில்தான் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. கடன் சுமார் 240 கோடி டாலர்.

முந்தைய ஆண்டின் வருகைக் கணக்கைப் பார்த்தால் இது விளங்காது. 2008-ல் அந்தப் பூங்காக்களுக்கு 2.5 கோடிப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். 2007-ஐவிடச் சற்றுக் கூடுதல். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த, வீடுகள் ஜப்திக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. அப்போதும் மக்கள் ராட்டினத்தை விடவில்லை. ராட்டினத்துக்குச் சொந்தக்காரரைத்தான் கடன் கொடுத்தவர்கள் விடவில்லை.

கையில் காசு குறைந்தால் கேளிக்கைச் செலவுதான் முதலில் நிற்கும், ஆகவே பொருளாதார மந்தம் வந்தால் தீம் பார்க் படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மூடிய பூங்காக்களின் கதைகளைப் புரட்டினால், வாசல் வெறிச்சோடியதால் மட்டும் விழுந்தவை அதிகமில்லை. அடி வேறு இரண்டு இடங்களில் விழுகிறது. ஒன்று கடன் ஏட்டில். அது உடனே வலிக்கும். இன்னொன்று புதிய ரைடுகளுக்கான முதலீட்டில். அது வலிக்க ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம், வலிக்கும்போது காரணம் பலருக்கு மறந்திருக்கும்.

ஏன் ரைடுதான் முதலில் வெட்டுப்படுகிறது

ஒரு பூங்காவின் செலவில் பெரும்பகுதி, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. ஐந்நூறு பேர் வரிசையில் நின்றாலும் ஐம்பது பேர் நின்றாலும் ரோலர் கோஸ்டருக்கு அதே இயக்குநர்கள் வேண்டும், காலையில் அதே பாதுகாப்புச் சோதனை நடக்க வேண்டும். காப்பீடு, வட்டி, சொத்து வரி எதுவும் கூட்டத்தைப் பார்த்துக் குறையாது. அதனால் நல்ல ஆண்டில் கடைசியாக வரும் பத்து சதவீதக் கூட்டம்தான் லாபத்தின் பெரும்பங்கைக் கொண்டுவருகிறது. அந்தப் பத்து சதவீதம் நழுவினால் லாபத்தில் பாதிகூடப் போகலாம்.

வருகிறவர்களும் முன்போலச் செலவழிப்பதில்லை. நுழைவுச்சீட்டு வாங்குவார்கள், பொம்மைக் கடைப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து கட்டிய சாப்பாட்டை வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே வருவார்கள். விமானமேறி, விடுதியில் தங்கி, நான்கு நாள் சுற்றும் பெரிய பூங்காக்களுக்கு இந்த அடி பலமாக விழும். காலையில் காரில் வந்து மாலையில் திரும்பும் வட்டாரப் பூங்காவுக்கோ சில நேரம் கூட்டம் கூடவே செய்யும், தொலைதூரப் பயணத்தைக் கைவிட்டவர்கள் அங்கேதான் வருகிறார்கள்.

கூட்டம் குறையும்போது நிர்வாகத்தின் கையில் இருக்கும் கத்திகள் சில. தள்ளுபடி முதல் கத்தி. டிஸ்னி 2009-ல் பிறந்தநாளன்று வருபவருக்கு இலவச நுழைவு கொடுத்தது. நான்கு இரவு தங்கினால் மூன்று இரவு இலவசம் என்றது. கூட்டம் நின்றது, லாபம் கரைந்தது. தள்ளுபடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதி விலைக்கு ஒருமுறை வந்தவரை மறுபடி முழு விலைக்கு வரவைப்பது பெரும்பாடு.

ஆட்குறைப்பு, வேலைநேரக் குறைப்பு, இரண்டு உணவகங்களில் ஒன்றை மூடுவது, மேடை நிகழ்ச்சிகளைப் பாதியாக்குவது எல்லாம் அடுத்த கத்திகள். இவற்றை வருபவர்கள் அன்றே கவனித்துவிடுவார்கள், முணுமுணுப்பார்கள்.

புது ரைடை ஒத்திவைத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை. வராத ரைடைப் பார்த்தவர் யார்? ஒரு பெரிய ரோலர் கோஸ்டரை வடிவமைத்து, எஃகு வார்த்து, நிறுவி, சோதித்துத் திறக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு முழுக் கருப்பொருள் பகுதி என்றால் நான்கைந்து ஆண்டுகள். அதனால்தான் 2009 கோடையில், மந்தத்தின் நட்டநடுவில், பூங்காக்களில் புதிய ரைடுகள் திறந்துகொண்டிருந்தன. அவை 2007-ல் கையெழுத்தானவை. 2009-ல் கையெழுத்தாகாதவற்றின் வெற்றிடம் 2011-லும் 2012-லும்தான் தெரியத் தொடங்கியது. ஆண்டறிக்கையில் அந்த ஆண்டின் ரொக்கம் மட்டும் நன்றாகத் தெரியும். மேலாளரை அந்த ஆண்டின் ரொக்கத்தை வைத்து எடைபோடும்வரை அவர் கை முதலில் இங்கேதான் நீளும்.

இந்தத் தொழிலில் புதுமை ஆடம்பரச் செலவு அல்ல. அருகில் வாழும் மக்களை ஆண்டுதோறும் திரும்ப வரவழைப்பதை நம்பியே வட்டாரப் பூங்கா பிழைக்கிறது. "இந்த ஆண்டு என்ன புதுசு?" என்ற கேள்விக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதில் இல்லையென்றால் சீசன் பாஸ் புதுப்பிப்பவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள்.

பாரிஸில் வாங்கிய அடி, கலிபோர்னியாவில் வீங்கியது

முதலீட்டு வெட்டு எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு யூரோ டிஸ்னியைவிட நல்ல பாடம் இல்லை.

பாரிஸுக்குக் கிழக்கே மார்ன்-லா-வாலேயில் 1992 ஏப்ரல் 12 அன்று அது திறந்தது. திட்டம் போட்ட 1980-களின் இறுதியில் ஐரோப்பா செழிப்பாக இருந்தது. பூங்காவோடு ஆயிரக்கணக்கான விடுதி அறைகளைக் கட்டி, சுற்றியிருக்கும் நிலத்தை மேம்படுத்தி நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். உண்மையில் அந்தக் கணக்கில் பூங்கா ஒரு பாதி, நில வணிகம் மறுபாதி.

கதவு திறந்தபோது எல்லாம் தலைகீழாகியிருந்தது. பிரான்ஸில் நில விலை விழுந்திருந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் விலைவாசியை அடக்க ஜெர்மன் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது, அந்த வட்டி ஐரோப்பா முழுவதையும் இறுக்கியது. 1992 செப்டம்பரில் பிரிட்டனின் பவுண்டும் இத்தாலியின் லிராவும் சரிந்தன. அந்த நாட்டுக்காரர்களுக்குப் பாரிஸ் பயணம் ஒரே வாரத்தில் விலையேறிவிட்டது.

இத்தனைக்கும் நடுவே, 1993 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் 98 லட்சம் பேர் வந்தார்கள். எந்தப் பூங்காவும் பொறாமைப்படும் எண்ணிக்கை. அதே ஆண்டில் நட்டம் 530 கோடி பிராங்க்! கூட்டம் இல்லாமல் போன கதை அல்ல இது. வந்த கூட்டம் விடுதியில் தங்காமல், குறைவாகச் செலவழித்து, மாலையில் வீடு திரும்பியது. வட்டி மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

1994-ல் கடன் மறுசீரமைப்பு நடந்தது. வங்கிகள் சில காலம் வட்டியை விட்டுக்கொடுத்தன, டிஸ்னி தன் ராயல்டியை ஐந்து ஆண்டுகளுக்குத் துறந்தது, புதிய பங்குகள் வெளியாயின, சவுதி இளவரசர் அல்வாலீத் பின் தலால் பெரிய பங்காளியாக உள்ளே வந்தார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கழுத்தளவு கடனில் இருந்தபோதும் அவர்கள் ஒரு முதலீட்டைக் கைவிடவில்லை. 1995 ஜூன் 1 அன்று ஸ்பேஸ் மவுண்டன் திறந்தது. முதலில் 'டிஸ்கவரி மவுண்டன்' என்ற பெயரில், பல ரைடுகளை ஒரே கூரையின்கீழ் வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அதை ஒரே ஒரு ரோலர் கோஸ்டராகச் சுருக்கினார்கள், ஆனால் அந்த ஒன்றை உருப்படியாகக் கட்டினார்கள். அதே ஆண்டில் உச்சகால நுழைவுக் கட்டணத்தை 250 பிராங்கிலிருந்து 195-க்கு இறக்கினார்கள். 1994-ல் 88 லட்சமாகச் சரிந்திருந்த வருகை 1995-ல் 1.07 கோடியானது. முதல்முறையாக ஆண்டு லாபம் வந்தது, 11.4 கோடி பிராங்க். அந்த லாபத்தில் வட்டிச் சலுகைக்கும் ராயல்டிச் சலுகைக்கும் பெரிய பங்குண்டு, ஒரு ராட்டினம் தனியாக ஒரு நிறுவனத்தைத் தூக்கிவிடாது. ஆனால் இறங்குமுகத்தில் இருந்த கூட்டத்தைத் திருப்பியதில் விலைக்குறைப்போடு அந்த ரைடுக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

வெட்டுப்பட்டவை வேறு இடங்களில் இருந்தன. பாரிஸில் 1995-க்குள் இரண்டாவது பூங்கா வருவதாக இருந்தது. அது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிரெஞ்சு அரசோடு செய்த நில ஒப்பந்தம் நெருக்கியதால் 2002 மார்ச்சில் திரைப்பட ஸ்டுடியோ வடிவில் திறந்தது. சிக்கனம் அதன் சுவர்களில் எழுதியிருந்தது. விரல்விட்டு எண்ணும் அளவு ரைடுகள், திரைப்படக் கிடங்கு போன்ற கட்டடங்கள், நிழலில்லாத திடல்கள். திரைப்பட ஸ்டுடியோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். வந்தவர்கள் அரை நாளில் சுற்றிமுடித்து வெளியேறினார்கள். கடைசியில் 2018-ல் அந்த வளாகத்தை விரிவாக்க 200 கோடி யூரோ போடுவதாக டிஸ்னி அறிவிக்க வேண்டிவந்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கலிபோர்னியாவின் அனாஹைமில் வெஸ்ட்காட் என்றொரு பிரம்மாண்ட இரண்டாவது பூங்காவை 1991-ல் அறிவித்திருந்தார்கள். மதிப்பீடு 300 கோடி டாலரைத் தொட்டது. பாரிஸில் கை சுட்டபின் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? 1995-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதே இடத்தில், பழைய வண்டி நிறுத்துமிடத்தில், சுமார் 60 கோடி டாலரில் ஒரு சிக்கனப் பூங்கா 2001 பிப்ரவரியில் எழுந்தது. அதுதான் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர். எதிரே நடக்கும் தொலைவில் இருந்த மூத்த பூங்காவான டிஸ்னிலேண்டோடு ஒப்பிட்டவர்கள், சந்தைத் திருவிழாவில் கிடைக்கும் ராட்டினங்களுக்கு இந்த விலையா என்று கேட்டார்கள். வருகை எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்தது.

2007 அக்டோபரில் அதைத் திருத்தி எடுக்க 110 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கட்டிய செலவைவிடப் பழுதுபார்த்த செலவு ஏறக்குறைய இருமடங்கு. 1994-ல் பாரிஸில் விழுந்த அடியின் மருத்துவச் செலவு 2012-ல் கலிபோர்னியாவில்தான் கட்டி முடிந்தது.

அந்தத் திருத்த வேலை அறிவித்து இரண்டே மாதத்தில் அமெரிக்கா மந்தத்தில் விழுந்தது. டிஸ்னி 2009-ல் தன் பூங்காப் பிரிவில் சுமார் 1,900 பேரின் வேலையை நீக்கியது. அனாஹைம் வேலையை மட்டும் நிறுத்தவில்லை. 2012 ஜூனில் அங்கே கார்ஸ் லேண்ட் என்ற புதிய பகுதி திறந்தபோது கூட்டம் அலைமோதியது.

மந்தத்தில்தான் முதலீடு செய்ய வேண்டுமா

இந்த இடத்தில் எல்லோரும் இழுத்துவரும் சான்று ஒர்லாண்டோ. யுனிவர்சல் நிறுவனம் ஹாரி பாட்டர் பகுதியை 2010 ஜூன் 18 அன்று அங்கே திறந்தது. அது அமைந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவுக்கு 2009-ல் சுமார் 46 லட்சம் பேர் வந்ததாகத் துறை மதிப்பீடு. 2010-ல் 59 லட்சம், 2011-ல் 76 லட்சத்துக்கு மேல். நாடே பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது இந்தப் பாய்ச்சல். "பார்த்தீர்களா, மந்தத்தில் துணிந்து போட்டவனுக்குத்தான் அறுவடை" என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பாடத்தில் முழு நம்பிக்கை இல்லை. அந்த முடிவு எடுக்கப்பட்டது 2007 மே மாதத்தில், மந்தத்துக்கு முன்னால். மந்தம் வந்தபோது செய்தது தொடங்கியதை நிறுத்தாமல் முடித்தது மட்டுமே. அதுவும் பெரிய காரியம்தான். ஆனால் 2009-ல் வெறுங்கையோடு வங்கிக்குப் போய்ப் புதிதாக ஒரு பகுதி கட்டப் பணம் கேட்டிருந்தால் கதவு திறந்திருக்குமா? அப்படிப் போய்க் கதவு திறக்காதவர்களின் கதையை யாரும் வகுப்பில் சொல்வதில்லை.

சொல்ல ஆளில்லாத அந்தக் கதைகளில் ஒன்று தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் நடந்தது. சுமார் 40 கோடி டாலரில் கட்டிய ஹார்ட் ராக் பார்க் 2008 வசந்தத்தில் திறந்தது. பெரும்பாலும் கடன் பணம். பெட்ரோல் விலை உச்சத்தில் இருந்த கோடை அது, காரில் வரவேண்டிய கூட்டம் வரவில்லை. ஒரு பருவம் முடிவதற்குள், செப்டம்பரிலேயே, திவால் மனு. அடுத்த ஆண்டு வெறும் 2.5 கோடி டாலருக்குக் கைமாறியது, பெயரை மாற்றி ஒரு கோடை ஓடியது, மூடியது. அதன் பெரிய ரோலர் கோஸ்டரைப் பிரித்து வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது ஹாலோங் விரிகுடாவின் கரையில் ஓடுகிறது.

நன்றாக இருந்த பூங்காதான், தொழில் தெரிந்தவர்களே பாராட்டினார்கள். ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டு நட்டத்தைத் தாங்கக் கையிருப்பு இல்லாமல் கடனில் பிறந்த பூங்காவுக்கு மோசமான முதல் கோடை ஒன்றே போதும்.

துபாயில் பிறக்கவே இல்லை. துபாய்லேண்ட் என்ற மாபெரும் வளாகத்தில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. 2009-ல் அந்த அமீரகத்தின் கடன் நெருக்கடி வெடித்தது. யுனிவர்சலின் அலங்கார வாசல் மட்டும் நெடுஞ்சாலையோரப் பாலைவனத்தில் உள்ளே எதுவுமில்லாமல் பல ஆண்டுகள் நின்றது.

ஆக, மந்தத்தில் முதலீடு செய்யலாமா என்ற கேள்விக்கு நேர்ப் பதில் கடன் நிலவரத்தில்தான் இருக்கிறது. சொந்தப் பணமோ பணக்காரத் தாய் நிறுவனமோ இருப்பவருக்கு மந்தம் ஒரு வாய்ப்பு. எஃகும் கூலியும் மலிவாகக் கிடைக்கும், ரைடு தயாரிப்பாளர்கள் ஆர்டருக்காகக் காத்திருப்பார்கள், எதிரி எதையும் திறக்காத ஆண்டில் நம் விளம்பரம் தனித்து ஒலிக்கும். கடனில் ஓடுபவருக்கு இதில் எதுவும் கைக்கு எட்டாது.

தாய் நிறுவனமும் எப்போதும் நிழல் தருவதில்லை. அமெரிக்காவின் சீவேர்ல்டு, புஷ் கார்டன்ஸ் பூங்காக்கள் ஒரு பீர் நிறுவனத்தின் சொத்தாக இருந்தன. 2008-ல் இன்பெவ் என்ற இன்னொரு பீர் நிறுவனம் அந்த நிறுவனத்தைச் சுமார் 5,200 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய கடனை இறக்கிவைக்க அடுத்த ஆண்டே பத்துப் பூங்காக்களையும் பிளாக்ஸ்டோன் நிதிநிறுவனத்துக்கு 230 கோடி டாலர் ரொக்கத்துக்கு விற்றது. பூங்காக்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கடன் வேறெங்கோ இருந்தது, விலைபோனது இவை.

பூங்கா என்ற பெயரில் நிலம்

ஜப்பானை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1983-ல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட் பெருவெற்றி பெற்றது. 1987-ல் ஓய்விடங்களை ஊக்குவிக்கும் ரிசார்ட் சட்டம் வந்தது. நிலமும் பங்கும் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம், வங்கிகள் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தன, ஊர்தோறும் தீம் பார்க் திட்டம். கட்டிமுடிந்து கதவு திறந்தபோது குமிழி உடைந்திருந்தது.

நாகசாகி மாவட்டத்தில் நெதர்லாந்து நகரம் போலக் கட்டிய ஹுயிஸ் டென் போஷ் 1992 மார்ச்சில் திறந்தது. 2003-ல் சுமார் 22,890 கோடி யென் கடனோடு நீதிமன்றம் போனது. மியாசாகியில் கடலுக்குப் பக்கத்திலேயே கூரைபோட்ட செயற்கைக் கடலை வைத்த சீகாயா 2001-ல் விழுந்தது. கடன் 32,600 கோடி யென்னுக்கு மேல். அதை வாங்கிய அமெரிக்க நிதிநிறுவனம் கொடுத்த விலை 1,620 கோடி யென். இருபதில் ஒரு பங்கு!

இந்த இரண்டு கதைகளிலும் ஆரம்ப முதலீடு தாராளமாகவே இருந்தது. இல்லாமல் போனது அதற்கடுத்த முதலீடு. கட்டியதற்கான வட்டியைக் கட்டவே வரவு பத்தாதபோது புதிதாக எதை வைப்பது? ஹுயிஸ் டென் போஷ் தப்பியது. 2010-ல் எச்.ஐ.எஸ். என்ற பயண நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. பெரிய கட்டுமானத்தில் இறங்காமல் பூத்திருவிழா, இரவு விளக்கலங்காரம் என்று பருவத்துக்கொரு காரணம் காட்டிக் கூட்டத்தை மீட்டார்கள்.

அமெரிக்காவில் நிலம் வேறு விதமாக விளையாடுகிறது. ஊர் வளர வளரப் பூங்கா நிற்கும் இடத்தின் விலை பூங்காவின் வருமானத்தைத் தாண்டிவிடும். கடன் நெருக்கும் ஆண்டில் நிர்வாகம் ராட்டினத்தை மறந்து சர்வே எண்ணைப் பார்க்கும். ஹூஸ்டனில் 1968 முதல் இருந்த ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்காவை சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2005-ல் மூடியது இந்தக் கணக்கில்தான். எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை, 7.7 கோடி டாலருக்கு விற்றார்கள். அந்த இடத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் புல்வெளியாகவே கிடந்தது. நிறுவனத்தின் மொத்தக் கடனுக்கு முன்னால் அந்தத் தொகை யானைப்பசிக்குச் சோளப்பொரி.

கை இறுகியபோது பிறந்தவை

வறட்சிக்கும் ஒரு விளைச்சல் உண்டு. அதில் மிக அழகானது டெக்சாஸில் நடந்தது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சாஸ் பூங்காவில் 1990-ல் கட்டிய டெக்சாஸ் ஜெயன்ட் என்ற மரக் கோஸ்டர் உடலை உலுக்கி எடுக்கும் நிலைக்கு வந்திருந்தது, பராமரிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போனது. இடித்துப் புதிதாகக் கட்ட திவாலிலிருந்து எழுந்துகொண்டிருந்த நிறுவனத்திடம் வசதியில்லை. ஐடஹோ மாநிலத்தின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற சின்ன நிறுவனம் ஒரு வழி சொன்னது. மரச் சட்டகத்தின் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஓடும் பாதையை மட்டும் 'ஐ' வடிவ எஃகுப் பெட்டிகளால் மாற்றுவது. சுமார் ஒரு கோடி டாலரில் 2011 ஏப்ரலில் அது மறுபடி ஓடியது, பழையதைவிடச் செங்குத்தாக, வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு. அதன்பின் உலகெங்கும் கிழட்டு மரக் கோஸ்டர்கள் இதே சிகிச்சைக்கு வரிசையில் நின்றன. கையில் காசு தாராளமாக இருந்திருந்தால் இந்த யோசனைக்கு யாராவது காதுகொடுத்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஒசாகாவில் இன்னும் மலிவாக ஒன்று நடந்தது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானுக்கு 2001-ல் திறந்த முதல் ஆண்டில் 1.1 கோடிப் பேர் வந்தார்கள். 2009-ல் அது 75 லட்சம் அளவுக்கு இறங்கியிருந்தது. 2010-ல் சேர்ந்த சந்தைப்படுத்தல் தலைவர் மொரியோகா சுயோஷிக்கு 4,500 கோடி யென்னில் ஹாரி பாட்டர் பகுதி கட்ட வேண்டும். அதற்குப் பணம் சேரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கவும் வேண்டும், செலவும் கூடாது. 2013-ல் ஏற்கெனவே இருந்த ரோலர் கோஸ்டரில் ஒரு ரயிலைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். அதே தண்டவாளம், அதே மேடுபள்ளம். பல மணி நேரம் காத்திருந்து ஏறினார்கள் மக்கள். இரவில் ஜாம்பி வேடமிட்ட ஆட்களைத் தெருவில் திரியவிட்டார்கள், அதற்கும் எஃகு தேவைப்படவில்லை. 2014 ஜூலையில் ஹாரி பாட்டர் திறந்தது, அந்த நிதியாண்டில் 1.27 கோடிப் பேர் வந்தார்கள்.

ரைடுகளை இடம்மாற்றுவதும் சிக்கனக் காலத்துப் பழக்கம். கென்டக்கி கிங்டம் பூங்காவிலிருந்து 2010-ல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் வெளியேறியபோது, நின்றுகொண்டே பயணிக்கும் 'சாங்' கோஸ்டரைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியில் வேறு நிறம், வேறு பெயரோடு புதுவரவாக அறிமுகப்படுத்தியது. நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் புதுசுதானே! கென்டக்கியில் அந்தப் பூங்கா நான்கு கோடைகள் பூட்டிக்கிடந்து, 2014-ல் வேறு கைகளில் திறந்து இன்றுவரை ஓடுகிறது. அதாவது அந்த ஊரில் கூட்டத்துக்குக் குறை இருந்ததே இல்லை.

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரும்பாலானவை அழிந்தன. அவற்றில் பல, டிராம் நிறுவனங்கள் வார இறுதியில் வண்டியை நிரப்புவதற்காகக் கட்டியவை. டிராமோடு அவையும் போயின. அதே பஞ்சத்தில்தான், 1934-ல், கலிபோர்னியாவில் பெர்ரிப் பழத் தோட்டம் வைத்திருந்த கோர்டேலியா நாட் வருமானத்துக்காகக் கோழிக்கறி விருந்து சமைத்து விற்கத் தொடங்கினார். கூட்டம் பெருகி, மேசைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்கள் பொழுதுபோக்குக்காகக் கணவர் வால்டர் 1940 முதல் ஒரு பழைய மேற்கத்திய ஊரைக் கட்டத் தொடங்கினார். இன்றைய நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா அந்தக் காத்திருப்பு வரிசையில் முளைத்தது.

நிறுத்திவைப்பதன் விலை

வெட்டின் வலி பூங்கா வாசலோடு நிற்பதில்லை. உலகில் பெரிய ரோலர் கோஸ்டர் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களே. டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் ரைடுக்கு 1959-ல் குழாய் எஃகுத் தண்டவாளம் செய்து, இன்றைய எஃகு கோஸ்டர்களுக்கெல்லாம் வழிவகுத்த ஏரோ நிறுவனம் 2001 இறுதியில் திவாலானது. அதன் கடைசிப் பெரும் ஆர்டர் செலவு கைமீறிப் போயிருந்தது. ஆண்டுக்கு ஓரிரண்டு பெரிய ஆர்டரில் வாழும் பட்டறைக்கு ஒரு ஆர்டர் சறுக்கினால் தாங்காது. 2008-க்குப் பின் மேற்கில் ஆர்டர்கள் வறண்டபோது தயாரிப்பாளர்களுக்குக் கைகொடுத்தது சீனாவின் பூங்காக் கட்டுமான அலை.

பெருந்தொற்றின் நிறுத்தம் இந்தக் காலதாமதக் கணக்கை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. யுனிவர்சல் 2019 ஆகஸ்டில் எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவை அறிவித்தது. 2020 ஜூலையில் வேலையை நிறுத்தியது, 2021 மார்ச்சில் தொடர்ந்தது. நிறுத்தம் எட்டு மாதம்தான். கதவு திறந்தது 2025 மே 22. டிஸ்னியோ எப்காட் பூங்காவுக்கு அறிவித்திருந்த சில வேலைகளைச் சத்தமில்லாமல் கைவிட்டது. பிறகு 2023 செப்டம்பரில் பத்தாண்டுகளில் 6,000 கோடி டாலரைப் பூங்காக்களிலும் கப்பல்களிலும் போடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு போடாமல் விட்டார்கள் என்பதற்கும் அந்த எண்ணை ஒரு குறிப்பாகப் படிக்கலாம்.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2010-ல் திவாலிலிருந்து எழுந்தது. 2024 ஜூலையில் தன் பழைய போட்டியாளரான சீடர் ஃபேருடன் இணைந்தது. இணைந்தபோது நிறுவனத்தின் கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்களும் நீர்ப் பூங்காக்களும், தோளில் சுமார் 500 கோடி டாலர் கடனும் இருந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 2-ல் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா பூங்காவை மூடியது. அதன் கடைசிக் கோடையிலும் ரோலர் கோஸ்டர்கள் ஓடின. சுமார் 500 ஏக்கர் நிலம் விற்பனைக்கு வந்தது.